பகடையின் இருதயம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகனுக்காகச் சி என்ற கணிப்பொறி மொழியில் ஒரு பரமபத விளையாட்டை எழுதிக் கொடுத்தேன். பாம்புக்கும் ஏணிக்கும் படம் வரைவதில் செலவான நேரத்தில் நூறில் ஒரு பங்குகூடப் பகடைக்குச் செலவாகவில்லை; ஏனெனில் பகடை உருட்டும் காரியத்தை, அம்மொழியோடு சேர்த்தே வழங்கப்படும் நூலகத்தில் 'ராண்ட்' என்ற பெயருடன் அமர்ந்திருக்கும் சிறியதொரு சார்பு கேட்ட மாத்திரத்தில் செய்து கொடுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். அது ஓர் எண்ணைத் தரும். அதை ஆறால் வகுத்து வரும் மீதியோடு ஒன்றைக் கூட்டினால், ஒன்று முதல் ஆறு வரை ஏதேனும் ஒரு முகம் விழும். முதல் நாள் ஆட்டம் அமோகமாக நடந்தது. இரண்டாம் நாள் மாலை பையன் கணிப்பொறியின் முன் உட்கார்ந்து, விசையைத் தொடுவதற்கு முன்பே, "மாமா, இப்போ ஆறு விழும், அப்புறம் இன்னொரு ஆறு, அப்புறம் ரெண்டு அஞ்சு, ஒரு ஆறு, ஒரு அஞ்சு, அதுக்கப்புறம் ஒண்ணு" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். ஒன்று தவறாமல் ஏழும் அவன் சொன்னபடியே விழுந்தன.

நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, நூலகம் தந்த எண்கள் 41, 18467, 6334, 26500, 19169, 15724, 11478 என்ற வரிசையில் நின்றன. நிரலை மூடித் திறந்தால் மறுபடியும் 41, மறுபடியும் 18467. வேறு கணிப்பொறியில், வேறு நூலகத்தோடு ஓட்டிப் பார்த்தால் முதல் எண் 1804289383 என்று வந்தது. அங்கேயும் எத்தனை முறை திறந்தாலும் அதே 1804289383. சி மொழியை எழுதிப் பழகியவர்களில் இந்த எண்களை முகம் கண்டவுடன் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தற்செயல் என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒன்று இப்படி நெடுநாள் பழகிய அண்டை வீட்டுக்காரரைப் போல அறிமுகமாகியிருப்பது விந்தைதான்.

ஆனால் குற்றம் நூலகத்தினுடையதன்று. கணிப்பொறி என்பது கட்டளையை மீற அறியாத யந்திரம். இன்று கொடுத்த விடையையே நாளையும் கொடுக்கும் என்பதற்காகவே நாம் அதன் கையில் கணக்கை ஒப்படைக்கிறோம். அத்தகைய யந்திரத்தைப் பார்த்து, 'உன் மனம்போனபடி ஓர் எண்ணைச் சொல்' என்று கேட்பது, தராசைப் பார்த்து 'உனக்குத் தோன்றிய எடையைக் காட்டு' என்று கேட்பதற்கு ஒப்பாகும். சமவாய்ப்பு எண்கள் என்று பாடநூல்கள் குறிப்பிடும் எண்களுக்கு இரண்டு லட்சணங்கள் உண்டு: எல்லா எண்களும் சமமான வாய்ப்போடு வரவேண்டும், இதுவரை வந்தவற்றைக் கொண்டு இனி வருவதை ஊகிக்க முடியாதிருக்கவேண்டும். முதல் லட்சணத்தை யந்திரம் ஓரளவு நிறைவேற்றிவிடும். இரண்டாவதை அதனால் ஒருபோதும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்றுவதுபோல் பாவனை செய்ய மட்டுமே முடியும். ஆகையால் அது தருபவற்றுக்குப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்று பெயர். அந்தப் பாவனை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எங்கே வேஷம் கலையும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

கணிப்பொறிக்கு முன்பே இத்தகைய எண்களுக்குத் தேவை இருந்தது. மாதிரி எடுத்து ஆராயும் புள்ளியியலாளர்கள், எந்த மாதிரியை எடுப்பது என்பதில் தங்கள் விருப்பு வெறுப்பு புகுந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார்கள். 1927-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டிப்பெட், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைத் திரட்டி, 41,600 இலக்கங்கள் கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் (நம் சார்பின் பெயரோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே) மின்துடிப்புகளை எண்ணும் ஒருவகை மின்னணுச் சூதாட்டச் சக்கரத்தை 1947 முதல் சுழலவிட்டு, பத்து லட்சம் இலக்கங்களை ஈட்டி, 1955-இல் பெரும் புத்தகமாக அச்சிட்டது. கதையுமில்லாமல் கருத்துமில்லாமல் இலக்கங்கள் மட்டுமே பக்கம் பக்கமாக நிரம்பிய அந்த நூலை அக்காலத்துப் புள்ளியியலாளர்கள் மேசை மேல் வைத்துப் போற்றினார்கள்.

இதே காலத்தில் லாஸ் அலமாஸில் அணுகுண்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர்களுக்கு வேறொரு சங்கடம் தோன்றியிருந்தது. நியூட்ரான்கள் ஒரு பொருளுக்குள் புகுந்து மோதியும் சிதறியும் செல்லும் போக்கைச் சமன்பாடுகளால் கணித்து முடிப்பது பெரும்பாடாக இருந்தது. 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டு, பொழுது போவதற்காகத் தனியே சீட்டாடிக்கொண்டிருந்த உலாம் என்ற கணித அறிஞர், இந்த ஆட்டம் கூடிவருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடப் புகுந்து சலித்து, கணக்கிடுவதைக் காட்டிலும் நூறு முறை ஆடிப் பார்த்துவிடுவது சுலபம் அல்லவா என்று எண்ணினார். நியூட்ரானுக்கும் அதுவே வழி என்று அவரும் இன்னொரு கணித அறிஞரான வான் நாய்மனும் கண்டார்கள். ஒவ்வொரு மோதலிலும் பகடை உருட்டி அதன் திசையை நிர்ணயித்து, ஆயிரக்கணக்கான நியூட்ரான்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிச் சராசரி காணும் அந்த முறைக்குச் சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரையே வைத்து மான்டே கார்லோ என்றார்கள். ஆனால் அன்றைய கணிப்பொறியின் நினைவகத்தில் லட்சக்கணக்கான இலக்கங்களை வைக்க இடமில்லை. துளையட்டைகளிலிருந்து படித்துக்கொண்டே போவதற்கோ பொறுமை போதாது. எனவே, பிறர் தந்த எண்களை நம்பியிராமல் யந்திரமே தனக்கு வேண்டிய எண்களை அவ்வப்போது சமைத்துக்கொள்ள ஓர் உபாயம் வேண்டியிருந்தது.

வான் நாய்மன் கண்ட உபாயம் பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடியது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து வர்க்கமாக்கி, எட்டு இலக்கமாக எழுதி, நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை அடுத்த எண்ணாகக் கொள்வதே அது. நம் நாடு விடுதலை பெற்ற 1947-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 03790809. நடுவில் இருப்பது 7908. அதன் வர்க்கம் 62536464, நடுவில் 5364. அதற்கடுத்து 7724, அதற்கும் அடுத்து 6601. பார்ப்பதற்கு எந்த ஒழுங்கும் புலப்படவில்லை. ஆனால் வழியில் எங்கேனும் 2100 வந்துவிட்டால், அதற்குப் பின் 4100, 8100, 6100 என்று போய் மீண்டும் 2100-இலேயே வந்து நிற்கும். பிறகு உலகம் உள்ளளவும் அந்த நான்கு எண்கள்தாம். 3792 வந்துவிட்டாலோ அதைவிடக் கேடு: அதன் வர்க்கம் 14379264, நடுவில் மறுபடியும் 3792. இந்தக் குறை வான் நாய்மனுக்குத் தெரியாததன்று. கூட்டல் பெருக்கலால் தற்செயலை விளைவிக்க நினைப்பது பாவச் செயல் என்ற பொருள்பட அவரே வேடிக்கையாகச் சொல்லி வைத்தார். சொல்லிவிட்டுப் பாவத்தையும் செய்தார், ஏனெனில் வேலை நடக்கவேண்டியிருந்தது. அன்றியும் அந்தப் பாவத்தில் ஒரு புண்ணியமும் கலந்திருந்தது. கணக்கில் பிழை நேர்ந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழும்போது, அதே எண்ணிலிருந்து தொடங்கி, அதே வரிசையை மறுபடி நடத்தி, பிழை எங்கே புகுந்தது என்று கண்டுகொள்ளலாம். மெய்யான பகடை அந்தச் சலுகையைத் தராது. என் மருமகன் ஒப்பித்த ஆறும் ஆறும் ஐந்தும் ஐந்தும் உண்மையில் இந்தச் சலுகையின் பலனே.

சிக்கலாகச் செய்தால் தற்செயல் தானே வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கணிப்பொறி சாஸ்திரத்தின் பெரியவர்களில் ஒருவரான டொனால்ட் கனூத் தம் இளமையில் அப்படித்தான் எண்ணினார். பத்து இலக்க எண்ணை எடுத்து, பதின்மூன்று படிகளில் இடம் மாற்றியும் பெருக்கியும் கழித்தும், எத்தனை சுற்று, எந்தப் படியில் தொடங்குவது என்பதைக்கூட அந்த எண்ணின் இலக்கங்களே தீர்மானிக்குமாறு அமைத்து, படிப்பவர் எவருக்கும் தலைகால் புரியாத ஒரு முறையை வகுத்தார். கணிப்பொறியில் ஏற்றி ஓட்டியவுடனே அது 6065038420 என்ற எண்ணில் போய் அமர்ந்துகொண்டது. அந்த எண்ணை அம்முறையில் இட்டால் அந்த எண்ணே திரும்பி வரும். குழப்பம் வேறு, தற்செயல் வேறு என்று தம் நூலில் இதனைத் தாமே எடுத்துரைத்த அவருடைய நேர்மை, அம்முறையைக் காட்டிலும் அதிகமாக நமக்குப் பயன்பட்டிருக்கிறது.

நூலகங்களில் நிலைபெற்ற முறை இதற்கு நேர் எதிரானது. எளிமையே அதன் விசேஷம். 1949-இல் லெஹ்மர் என்ற எண் கணித அறிஞர், எட்டு இலக்க எண்ணை 23-ஆல் பெருக்கி, 100000001-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளலாம் என்றார். இம்முறை 58,82,352 எண்களைத் தந்த பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்பியது. எப்போது திரும்பும் என்பதை ஓட்டிப் பார்க்காமலே எண் கணிதத்தால் நிரூபித்துவிடலாம் என்பது அதனினும் பெரிய அனுகூலம். சி மொழியின் நியம ஆவணம் ராண்ட் சார்புக்கு உதாரணமாகக் காட்டும் முறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளே ஓர் எண் இருக்கிறது. அதை 1103515245-ஆல் பெருக்கி 12345-ஐக் கூட்டவேண்டும். அதுதான் புதிய உள் எண். அதனை 65536-ஆல் வகுத்து, ஈவை மறுபடி 32768-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வெளியே தரவேண்டும். உள் எண் 1-இல் தொடங்கினால் 16838, 5758, 10113 என்று வரிசை புறப்படும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 1-இலிருந்தே தொடங்கவேண்டும் என்பதும் அதே ஆவணத்தின் விதி. என் பரமபதம் நாள்தோறும் ஒரே விதமாக ஆடியதற்கு மூலகாரணம் அதுவே.

65536-ஆல் ஏன் வகுக்கவேண்டும்? உள் எண்ணை அப்படியே தந்துவிட்டால் என்ன? காரணம் ரசமானது. ஒற்றைப்படை எண்ணை ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் இரட்டைப்படை வரும். இரட்டைப்படையை அதேபோல் செய்தால் ஒற்றைப்படை வரும். ஆகவே உள் எண்கள் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று கடிகாரப் பெண்டுலம்போல் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். பூவா தலையா போட இதை நம்பியவன் கதி என்ன ஆவது! கடைசி பிட், அதாவது இரும எண்முறையில் எழுதிய எண்ணின் கடைசி இலக்கம், இரண்டே அடியில் திரும்பும். அதற்கு முந்தையது நான்கில். அதற்கும் முந்தையது எட்டில். மேலே போகப் போகத்தான் சுழற்சி நீளும். எனவே கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மேற்பகுதியை மட்டும் பரிமாறுகிறார்கள். அந்த மேற்பகுதியும் என்றேனும் ஒருநாள் திரும்பத்தான் வேண்டும். செக்கு மாடு எத்தனை காதம் நடந்தாலும் செக்கைச் சுற்றித்தான் நடக்கிறது; 32 பிட் கொண்ட உள் எண்ணுக்கு இருக்கக்கூடிய நிலைகள் சுமார் 429 கோடி; நொடிக்கு ஒரு கோடி வீதம் எண் கேட்கும் இன்றைய யந்திரம் ஏழு நிமிடமும் சில நொடிகளும் ஆனவுடன் தொடங்கிய இடத்தில் வந்து நிற்கும்.

சுழற்சி நீளமாக இருந்தாலும் வேறொரு மறைவான நோய் இருக்கக்கூடும். 1960-களில் ஐபிஎம் கணிப்பொறிகளோடு வழங்கப்பட்ட ராண்டு என்ற முறை, உள் எண்ணை 65539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து மீதி கண்டது. ஒவ்வோர் எண்ணாக எடுத்துப் பரீட்சித்தால் குறை தெரியாது. ஆனால் அடுத்தடுத்த மூன்று எண்களை நீள அகல உயரங்களாகக் கொண்டு ஒரு கனசதுரத்துக்குள் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், அவை கனசதுரம் முழுவதும் பரவாமல் பதினைந்தே பதினைந்து தளங்களில், அலமாரித் தட்டுகளில் அடுக்கியவைபோல் கிடக்கும். மூன்றாவது எண், இரண்டாவதன் ஆறு மடங்கிலிருந்து முதலாவதன் ஒன்பது மடங்கைக் கழித்து, முன்போலவே 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் மீதியே என்ற கள்ள உறவு 65539 என்ற பெருக்கெண்ணுக்குள் ஒளிந்திருந்தது. இந்தக் குடும்பத்து முறைகள் எல்லாவற்றுக்குமே இவ்வாறு தட்டுகளில் விழும் சுபாவம் உண்டு என்று மார்சாலியா என்ற கணித அறிஞர் 1968-இல் நிரூபித்தார். நல்ல முறைகளில் தட்டுகள் மிக நெருக்கமாக இருக்கும், ராண்டுவில் இடைவெளியில் ஆள் நடமாடலாம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பதினைந்து தட்டுகளின் மேல் எத்தனை பௌதிகக் கணக்குகள் கட்டி எழுப்பப்பட்டன என்று எண்ணிப் பார்த்தால் சிறிது நடுக்கமாகத்தான் இருக்கிறது.

நூலகம் ஒழுங்காக இருந்தாலும், அதைப் பிரயோகிப்பவர் கெடுத்துவிடலாம். ராண்ட் 0 முதல் 32767 வரை எண் தருகிறது என்போம். 10,000 பேரில் ஒருவருக்குப் பரிசு கொடுக்க, 10,000-ஆல் வகுத்து மீதி எடுக்கிறோம். 32768-இல் 10,000 மூன்று முறை அடங்கி 2768 மிஞ்சுகிறது. ஆகையால் முதல் 2768 பேருக்கு நான்கு சீட்டும், ஏனையோருக்கு மூன்று சீட்டும் பெட்டியில் போட்டதாக ஆகிறது. என் பரமபதப் பகடையிலும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இந்தச் சலுகை உண்டு, அங்கே அது ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் பாம்புகள் முறையிடவில்லை. மிஞ்சும் எண்கள் வந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு மறுபடி உருட்டுவதே நேர்மையான வழி. இன்றைய நல்ல நூலகங்கள் அதைத் தாமே செய்துகொள்கின்றன.

இந்நாளில் பலர் கையாளும் முறை ஜப்பானில் பிறந்தது. மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர், ஒரே உள் எண்ணுக்குப் பதிலாக 32 பிட் எண்கள் 624-ஐ வரிசையாக வைத்துக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று முறுக்குகிறது. அதன் சுழற்சி 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இது 1971-இல் டக்கர்மன் என்பவர் கண்டெடுத்த பகா எண். எழுதினால் 6002 இலக்கங்கள். செக்கு மாடு ஒரு சுற்று முடிப்பதற்குள் சூரியனே அணைந்துவிடும். பைத்தான் மொழி 2003-இல் வந்த தன் 2.3 பதிப்பிலிருந்து இதையே தன் நூலகத்தில் வைத்திருக்கிறது. அந்த நூலகத்தின் குறிப்பில் ஒரு நுட்பமான எச்சரிக்கையையும் காணலாம்: 2080 பொருள்களுக்கு மேற்பட்ட வரிசையைக் கலைத்தால், சாத்தியமான எல்லா வரிசைகளையும் இந்தப் பிரம்மாண்டமான சுழற்சிகூட எட்ட முடியாது.

ஆயினும் இந்த மாபெரும் யந்திரத்துக்கும் ஒரு மர்மஸ்தானம் உண்டு. அது வெளியிடும் முழு எண்களில் அடுத்தடுத்த 624-ஐக் கவனித்து எழுதிக்கொண்டவன், அவற்றிலிருந்து உள்ளே இருக்கும் 624-ஐயும் பின்னோக்கிக் கணக்கிட்டு அறிந்துவிடலாம். அதன்பின் நூலகம் எதைச் சொல்லப் போகிறது என்பதை நூலகத்துக்கு முன்பே அவன் சொல்வான். மகாபாரதத்தில் நளன் கதையில், அயோத்தி மன்னன் இருதுபர்ணன், ஓடும் தேரிலிருந்தே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் தொகை சொல்கிறான். தேரோட்டியாக இருந்த நளன் இறங்கி எண்ணிப் பார்க்க, தொகை சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையோடு சேர்ந்த அட்ச இருதயத்தை, அதாவது பகடையின் இருதயத்தை, அவனிடமிருந்து நளன் கற்றுக்கொள்கிறான். தான்றிக் காய்களே அக்காலத்தில் பகடையாகவும் உருண்டன என்பதையும் சேர்த்து எண்ணினால், சூதில் தோற்றவனுக்கு அந்த மரத்தடியில் எண்கணக்கைக் கற்பித்த கவியின் தேர்ச்சியை வியக்காமல் இருக்க முடியாது. 624 எண்களைப் பார்த்தவன் கற்றது அட்ச இருதயமே. ஆகவே கடவுச்சொல்லுக்கும் ரகசியச் சாவிக்கும் இந்த முறையைத் தொடவேண்டாம் என்று பைத்தான் எச்சரித்து, 2016-இல் வந்த 3.6 பதிப்பில் அவற்றுக்கென்றே 'சீக்ரெட்ஸ்' என்ற தனி அறையைத் திறந்தது. அந்த அறை தானாகக் கணக்குப் போடுவதில்லை. விசை தட்டப்படும் நேரங்கள், வட்டு பதில் சொல்லும் தாமதங்கள் போன்ற வெளியுலகச் சலனங்களைக் கணிப்பொறியின் இயக்கு மென்பொருள் ஒரு பானையில் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டு ஊகிக்க முடியாதபடி சமைக்கும் எண்களை முகந்து தருகிறது.

உள் எண்ணைத் தேடிக் காணவேண்டிய அவசியம்கூடச் சில சமயம் இருப்பதில்லை. அது எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் போதும். தொடங்கும் எண்ணை வித்து என்பார்கள். 1999-இல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஒரு சீட்டாட்ட நிறுவனம், தன் ஆட்டம் நியாயமானது என்று காட்டுவதற்காகச் சீட்டுக் கலைக்கும் நிரலை ஊரறிய வெளியிட்டது. ஐம்பத்திரண்டு சீட்டுகளைக் கலைக்கும் விதங்கள் 68 இலக்கத் தொகை. ஆனால் அந்த நிரல், நள்ளிரவு முதல் கழிந்த மில்லிநொடிகளை வித்தாகக் கொண்டிருந்தது. ஒரு நாளில் மில்லிநொடிகள் 8 கோடியே 64 லட்சமே. ஆகவே கலைக்கும் விதங்களும் அவ்வளவே. படித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் சிலர், தங்கள் கடிகாரத்தை நிறுவனத்தின் கடிகாரத்தோடு ஒட்டி வைத்து, அதனைச் சுமார் இரண்டு லட்சமாகச் சுருக்கினார்கள். பிறகு, தங்கள் கைச்சீட்டு இரண்டையும் மேசையில் திறந்த மூன்றையும் கொண்டு, மேசையைச் சுற்றியுள்ள எல்லோருடைய சீட்டுகளையும், இனி வரவிருப்பவற்றையும் ஆட்டம் நடக்கும்போதே சொன்னார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், என் பரமபதத்தைத் திருத்தியபோது நானும் கடிகாரத்தைத்தான் வித்தாக வைத்தேன். 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கழிந்த நொடிகளை நூலகத்துக்குத் தரும் அந்த ஒற்றை வரியைத்தான் எல்லாப் பாடநூல்களும் சொல்லிக் கொடுக்கின்றன. 41-இல் தொடங்கிய அந்த நூலகத்தில், ஒரு நொடி தாமதித்துத் திறந்தால் முதல் எண் மூன்றோ நான்கோ மட்டும் கூடுகிறது என்பதைக் கவனித்தேன். பையன் அதைக் கண்டுபிடிக்கமாட்டான் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் அவனும் ஒப்பிக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் கூடத்துக்கு வந்து பார்க்கிறேன், என் தாயார் கணிப்பொறியின் முன் மூக்குக் கண்ணாடியுடன் அமர்ந்து, ஏணிகளைத் தவறவிட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறார். பையன் ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்பு கண்ணை மூடி ஜபிப்பதுபோல் பாவனை செய்து எண்ணைச் சொல்கிறான், அதுவே விழுகிறது. நிரலின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து ஒரே தட்டில், ஒரே நொடிக்குள் திறந்து, ஒன்றைப் பாட்டி வருவதற்கு முன்பே தனியாக ஆடி முடித்து, விழுந்த எண்களை எல்லாம் கையில் எழுதி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் உள்ளங்கையை மூடிக்கொண்டான்.